வேற ஸ்டேட்டுக்கு மாறிட்டு இன்-ஸ்டேட் ஃபீஸ் கேக்கும்போது நாம பண்ற தவறுகள்

அமெரிக்காவுல பப்ளிக் யுனிவர்சிட்டிங்கள்ல அந்த ஸ்டேட்லயே குடியிருக்கிறவங்களுக்குத்தான் கம்மியான இன்-ஸ்டேட் ஃபீஸ், அதுக்கு பொதுவா 12 மாசம் அங்க குடியிருந்ததுக்கு ஆதாரம் காட்டணும். 2022 ஜூலைல நியூ ஜெர்சி எடிசன்ல இருந்து நான் மட்டும் டெக்சாஸ்ல டாலஸ் பக்கம் வந்தேன். பொண்ணு பன்னெண்டாவது, கடைசி வருஷத்துல ஸ்கூல் மாத்த வேணாம்னு அவளும் வீட்டுக்காரியும் அங்கயே இருந்தாங்க, எனக்கு ஃப்ரெண்டோட அபார்ட்மெண்ட்ல ஒரு ரூம், லீஸ்ல என் பேர் கிடையாது, கரெண்ட் பில் வைஃபை பில் எல்லாம் அவன் பேருல, நான் மாசாமாசம் பாதி வாடகைய செல் போன்லயே அனுப்பிட்டு இருந்தேன். அக்டோபர்லதான் என் பேருல லீஸ் போட்டேன். அடுத்த வருஷம் பொண்ணுக்கு இங்க ஒரு பப்ளிக் யுனிவர்சிட்டில சீட் கிடைச்சுது, ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே இன்-ஸ்டேட் ஃபீஸ்தான் வரும்னு ஜம்முனு உக்காந்திருந்தா பில் அவுட் ஆஃப் ஸ்டேட்ல வந்து நிக்குது. ஒரு செமஸ்டருக்கு மட்டும் பத்தாயிரம் டாலருக்கு மேல வித்தியாசம்.

யுனிவர்சிட்டி ஆஃபீஸ் அம்மா ரொம்ப பொறுமையாதான் பேசினாங்க, "ஜூலைல நீங்க இங்க இருந்தீங்கன்னு எதை வச்சு நம்புறது?" அவ்ளோதான் கேள்வி. என்கிட்ட பதிலா ஒரு காகிதம் கூட இல்ல.

இதான் முதல் தவறு, பெரிய தவறும் இதான். 12 மாசக் கணக்கு நாம லாரில சாமான் ஏத்துன நாள்ல இருந்து ஓடும்னு நெனைக்கிறோம், ஆனா அவங்க கைல இருக்கிற முதல் டாக்குமெண்ட்ல என்ன தேதியோ அதுல இருந்துதான் எண்ணுவாங்க. முடியுற தேதியும் முக்கியம். டெக்சாஸ்ல அதுக்கு பேரு சென்சஸ் டேட், செமஸ்டர் ஆரம்பிச்சு 12-வது கிளாஸ் நாள், ஆகஸ்ட்ல ஆரம்பிக்கிற ஃபால் செமஸ்டர்னா பெரும்பாலும் செப்டம்பர் ஆரம்பத்துல வரும். ஃப்ளோரிடாவுல வகுப்பு தொடங்குற முதல் நாளுக்கு முன்னாடி தொடர்ந்து 12 மாசம். கலிஃபோர்னியாவுல ஒரு வருஷமும் ஒரு நாளும், அதையும் காலேஜ் வச்சிருக்கிற ஒரு குறிப்பிட்ட தேதிலதான் பாப்பாங்க. அட்மிஷன் வந்த தேதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, நெறைய பேர் அட்மிஷன் லெட்டர வச்சு எண்ணிட்டு இருக்காங்க.

எனக்கு இன்னொரு ஆப்பு டபிள்யூ-2 ஃபார்ம்ல இருந்தது, வருஷா வருஷம் சம்பளம், பிடிச்ச வரி எல்லாம் போட்டு கம்பெனி குடுக்கிற காகிதம். வேலை இடம் மாறினதுக்கு கம்பெனி எச்1பி வேலை விசாவுக்கு அமெண்ட்மெண்ட் (திருத்தம்) எல்லாம் ஒழுங்கா போட்டாங்க, 2015-ல இருந்து வேற மெட்ரோ ஏரியாவுக்கு மாறினா அது கட்டாயம். ஆனா கம்பெனியோட சம்பளக் கணக்குல (பேரோல்) அட்ரஸ் மாத்துறது என் வேலை, அப்புறம் பாத்துக்கலாம்னு நவம்பர் வரைக்கும் விட்டுட்டேன். அந்த ஃபார்ம்ல 15-வது பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, எந்த ஸ்டேட்டுக்கு வரி பிடிச்சாங்கன்னு காட்டும். டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டேக்ஸே கிடையாது, ஆனா என் ஃபார்ம்ல நியூ ஜெர்சினு பளிச்சுனு இருக்கு. டெக்சாஸ்ல குடியிருக்கேன்னு சொல்றவன் நவம்பர் வரைக்கும் நியூ ஜெர்சிக்கு வரி கட்டிருக்கான், பொண்டாட்டி புள்ள அங்க இருக்காங்க, லைசென்ஸும் அந்த ஊருதான், அவங்க எடத்துல நான் இருந்தாலும் நம்பிருக்க மாட்டேன்.

லைசென்ஸ் விஷயத்துல சோம்பேறித்தனமே வேணாம். டெக்சாஸ்ல புதுசா வந்தவங்க 90 நாளுக்குள்ள லைசென்ஸ் மாத்தணும், 30 நாளுக்குள்ள கார் ரெஜிஸ்ட்ரேஷன் மாத்தணும், கலிஃபோர்னியாவுல லைசென்ஸுக்கு வெறும் 10 நாள். பழைய இன்சூரன்ஸ் ரேட் கம்மின்னு அதையே ஓட்டிட்டு இருந்தா அங்க மிச்சமாகுற காசு இங்க ஃபீஸ்ல பறந்துடும். இந்த எடத்துல ஒரு எச்சரிக்கை, லைசென்ஸ் கவுண்டர்ல ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் வேணுமான்னு ஃபார்ம்லயே கேப்பாங்க, ஃப்ளோரிடா மாதிரி எடத்துல ஓட்டர் கார்டும் ஒரு ரெசிடென்சி ப்ரூஃப்தான்னு லிஸ்ட்ல போட்டிருக்கும், அத பாத்துட்டு டிக் அடிச்சுடாதீங்க, சிட்டிசன் இல்லாதவங்க அதுல கை வச்சா கிரீன் கார்டுக்கே உலை.

அடுத்தது நம்ம ஆளுங்களுக்கே உரிய ஐடியா, சித்தப்பா வீட்டு அட்ரஸ். சித்தப்பா சான் ஹோசேல இருக்காரு, பையன ஒரு வருஷம் அங்க தங்க வச்சா கலிஃபோர்னியா ஃபீஸ் ஆயிடும்ல? ஆகாது. பையன் அப்பா அம்மாவோட டிபெண்டண்ட்னா, அதாவது அவங்க செலவுல இருக்கிறவன்னா, பெத்தவங்க எங்க குடியிருக்காங்கன்னுதான் பாப்பாங்க. டெக்சாஸ்ல உங்க டேக்ஸ்ல அவன டிபெண்டண்ட்டா காட்ட முடியும்னாலே போதும், நீங்க உண்மையில காட்டுனீங்களா இல்லையாங்கறது கூட ரெண்டாம்பட்சம். யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) காலேஜ்ல 24 வயசுக்குள்ள, கல்யாணம் ஆகாத பையன், பெத்தவங்க வெளி ஸ்டேட்டுன்னா தன் கால்ல நின்னு சம்பாதிச்சதா காட்டணும், படிக்கிற புள்ளைக்கு நடக்குற காரியமா. அங்க 2025-26ல புதுசா சேர்ற வெளி ஸ்டேட் பசங்களுக்கு ரெகுலர் ஃபீஸுக்கு மேல கூடுதலாவே 37,602 டாலர், அதனால அவங்க லேசுல விட மாட்டாங்க. சித்தப்பாவ கார்டியன் ஆக்கிடலாம்னு யோசிக்கிறவங்களுக்கு, வர்ஜீனியா சட்டத்துலயே ஃபீஸுக்காக உண்டாக்குன கார்டியன்ஷிப் செல்லாதுங்கற மாதிரி எழுதி வச்சிருக்காங்க, நம்மள மாதிரி ஆளுங்கள ஏற்கனவே பாத்துட்டாங்க போல. வீடு வாங்கி வாடகைக்கு விட்டுட்டு "ப்ராப்பர்ட்டி டேக்ஸ் கட்டுறேன்ல"னு கேக்குறதும் இதே கதைதான், நீங்க அதுல குடியிருக்கணும்.

விசா பக்கம் வருவோம். எச்1பின்னா இன்-ஸ்டேட்டே கிடைக்காதுன்னு பாதி பேர் முயற்சியே பண்றதில்ல, அது தப்பு. டெக்சாஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் ஸ்டேட் எல்லாம் எச்1பி ஆளுங்களும், அவங்க குடும்பத்துக்கான எச்4 விசா ஆளுங்களும் ரெசிடென்சி கேக்கலாம். 1982-லயே டோல் எதிர் மொரேனோன்னு ஒரு கேஸ்ல மேரிலாண்ட் யுனிவர்சிட்டி ஜி-4 விசா (சர்வதேச அமைப்புல வேலை பாக்குறவங்க குடும்பத்துக்கு குடுக்கிறது) பசங்களுக்கு இன்-ஸ்டேட் தர மாட்டேன்னு சொன்னது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துருக்கு. எஃப்-1 ஸ்டூடண்ட் விசா கதை வேற, படிச்சுட்டு திரும்பிப் போவேன்னு சொல்லி வாங்குன விசாவ வச்சுக்கிட்டு இங்கதான் நிரந்தரமா இருக்கேன்னு சொன்னா பெரும்பாலான ஸ்டேட் ஒத்துக்காது.

அதனாலதான் 21 வயசு கணக்க இப்பவே போட்டு வைங்கன்னு சொல்றேன். எச்4ல இருக்கிற புள்ளைக்கு 21 ஆனா அது முடிஞ்சுது, நம்ம கிரீன் கார்டு க்யூ எப்ப நகரும்னு நமக்கே தெரியும், பாதி பசங்க மூணாவது நாலாவது வருஷத்துல எஃப்-1க்கு மாற வேண்டியதாகுது, அப்ப இன்-ஸ்டேட்டும் கையவிட்டுப் போகலாம். கிரீன் கார்டுக்கான ஐ-485 அப்ளிகேஷன் போட்டு ரசீது நோட்டீஸ் வந்திருந்தா டெக்சாஸ்ல அத ஏத்துப்பாங்க, அந்தக் காகிதத்த பத்திரமா வைங்க.

முதல் செமஸ்டர் அவுட் ஆஃப் ஸ்டேட்னு முத்திரை விழுந்தா நாலு வருஷமும் அப்படித்தான்னு நெனச்சு சும்மா இருக்கிறது இன்னொரு தவறு. கனெக்டிகட் ஸ்டேட் ஒருகாலத்துல அப்படித்தான் வச்சிருந்தது, 1973-ல சுப்ரீம் கோர்ட் அத அடிச்சுடுச்சு. ஆனா தானா மாத்தித் தர மாட்டாங்க, நீங்கதான் ரீகிளாசிஃபிகேஷன், அதாவது இன்-ஸ்டேட்டா மாத்தச் சொல்லி கேட்டு அப்ளை பண்ணணும், சென்சஸ் டேட்டுக்கு முன்னாடி. நானும் லீஸ், 12 மாச கரெண்ட் பில், பே ஸ்டப், ஆஃபீஸ் லெட்டர் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி அந்த ஃபால் செமஸ்டர் நவம்பர்ல ஒரே பிடிஎஃப்பா அனுப்புனேன், அடுத்த ஸ்ப்ரிங் செமஸ்டர்ல இருந்து மாத்திட்டாங்க. ஃபால் காசு போனது போனதுதான்.

கணக்கு எப்படியும் இடிக்குதுன்னா வேற கதவும் இருக்கு. டெக்சாஸ் பப்ளிக் யுனிவர்சிட்டில போட்டி போட்டு வாங்குற ஸ்காலர்ஷிப் 1,000 டாலர் கிடைச்சா வெளி ஸ்டேட் பசங்களுக்கும் இன்-ஸ்டேட் ரேட்டே போட வழி இருக்கு, காலேஜ் முடிவு பண்ணணும், ஆனா பொண்ணு காலேஜ்ல சேந்து ஒரு வருஷம் கழிச்சுதான் எனக்கே இது தெரிஞ்சுது. மேற்குப் பக்க ஸ்டேட்ல வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்னு ஒண்ணு இருக்கு, அதுல சேந்திருக்கிற காலேஜ்ல பக்கத்து ஸ்டேட் பசங்க இன்-ஸ்டேட் ஃபீஸ்ல ஒன்றரை மடங்குக்கு மேல கட்ட வேண்டாம்.

கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு மாறிக்கலாம்னு நெனைக்கிறவங்க ஸ்டேட்டோட நிறுத்தாம கவுண்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பாக்கணும். நம்ம மக்கள் குவிஞ்சு கிடக்கிற ஃப்ரிஸ்கோ ஊர் பாதி காலின் கவுண்டி, பாதி டென்டன் கவுண்டி. காலின் காலேஜ்ல காலின் கவுண்டிக்காரங்களுக்கு ஒரு ரேட், மத்த டெக்சாஸ்காரங்களுக்கு அதவிட ஜாஸ்தி. ரெண்டு அபார்ட்மெண்ட்டும் ஃப்ரிஸ்கோதான், ரெண்டுக்கும் ஒரே இட்லி மாவுக் கடைதான், ஆனா ஃபீஸ் வேற. என் பையன் இப்ப பத்தாவது, இந்த தடவ லீஸ் போடும்போது ஸ்விம்மிங் பூல் பாக்குறதுக்கு முன்னாடி கவுண்டி மேப்பதான் பாத்தேன்.