வயிற்றுப் புண்ணின் இரத்தக்கசிவை எண்டோஸ்கோப்பி வழியாக நிறுத்தும் முறை

இரத்த வாந்தி எடுத்தவரையோ தார் போலக் கறுத்த மலம் கழித்தவரையோ கண்டவுடன் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாயைச் செலுத்தி உள்ளே பார்க்கும் முறை) அறைக்கு விரைவது சரியன்று. முதலில் இரு கைகளிலும் அகன்ற ஊசிகள் வழியாகத் திரவம் ஏற்றி, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நிலைப்படுத்த வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தம் ஏற்றுவது பொதுவான வரம்பு. இதய நோயாளிக்கு அதைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் பெருமளவில் இரத்தம் இழப்பவருக்கு அந்த எண்ணை நம்பிக் காத்திருக்கக் கூடாது, ஏனெனில் தொடக்கத்தில் அது குறையாமலே இருக்கும்.

நிலைப்பட்டபின் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்வது நல்லது. அதற்கு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பு 250 மி.கி. எரித்ரோமைசினைச் சிரைவழி கொடுத்தால் இரைப்பையில் தேங்கிய இரத்தம் வெளியேறிப் பார்வை தெளிவாகும். நினைவு மங்கியவருக்கு முதலில் மூச்சுக்குழாயைப் பாதுகாக்க வேண்டும்.

புண்ணைக் கழுவிப் பார்த்து, கசிவின் தோற்றத்தைக் கொண்டு புண்களைப் பிரிக்கும் ஃபாரஸ்ட் முறைப்படி வகைப்படுத்துங்கள். இரத்தம் பீறிட்டாலோ கசிந்தாலோ, கசிவின்றி இரத்தக்குழாய் துருத்தித் தெரிந்தாலோ சிகிச்சை கட்டாயம். அடிப்பகுதி சுத்தமாக இருந்தால் மருந்தே போதும்.

பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்த அட்ரினலினைப் புண்ணின் நான்கு பக்கமும் சிறிது சிறிதாகச் செலுத்தினால் கசிவு கண்ணெதிரே அடங்கும். ஆனால் மருந்தின் விளைவு தணிந்ததும் இரத்தக்குழாய் மீண்டும் திறந்துகொள்ளும் என்பதால், அந்த அமைதியை நம்பி எண்டோஸ்கோப்பை வெளியே எடுத்துவிடக் கூடாது. கிளிப்போ (இரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் சிறு உலோகக் கவ்வி) வெப்ப முறையோ கட்டாயம் சேர வேண்டும். கிளிப்பைத் திறந்து, குழாயின் இரு பக்கமும் அடங்கும்படி திசுவில் அழுத்திப் பிடித்து மூடுங்கள். நாட்பட்ட புண்ணின் அடிப்பகுதி இறுகியிருந்தால் கிளிப் வழுக்கிவிடும். அங்கே மின்சாரத்தால் சூடேற்றும் பைபோலார் முனையைக் குழாயின் மேல் உறுதியாக அழுத்தி, சுவர்கள் ஒட்டிய நிலையில் சூடேற்றுவது மேல். முன்சிறுகுடலின் பின்சுவரில் மிகுந்த கவனம் தேவை. அதன் பின்னால் பெரிய தமனி ஓடுகிறது.

கல்லீரல் நோயாளியின் உணவுக்குழாயில் புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையமும், இரைப்பை மேற்பகுதிச் சிரைகளுக்குச் சயனோஅக்ரிலேட் பசையும் பொருந்தும்.

புண்ணுக்குச் சிகிச்சை முடிந்ததும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் மருந்தை 80 மி.கி. சிரைவழி கொடுத்து, மணிக்கு 8 மி.கி. வீதம் 72 மணி நேரம் தொடருங்கள். மீண்டும் கசிந்தால் இன்னொரு முறை எண்டோஸ்கோப்பி செய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை, பிறகு அறுவை. புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான சோதனையில் அது இல்லை என வந்தாலும், இரத்தக்கசிவின்போது சோதனை தவறாகக் காட்டக்கூடும் என்பதால், சில வாரங்கள் கழித்து மறுபடி சோதியுங்கள்.