ஆஸ்திரேலியாவில் அப்பா அம்மாவுக்கு முதியோர் பராமரிப்பு: உரிமையைக் கேட்டு வாங்குவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் 2025 நவம்பர் 1 முதல் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1997இல் வந்த பழைய சட்டம், எந்த நிறுவனத்துக்கு அரசு எவ்வளவு பணம் கொடுப்பது என்பதையே சுற்றிச் சுற்றி வந்தது. 2018இல் அரசு அமைத்த ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் வந்தபோது, அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டு முதியவரின் உரிமையிலிருந்து தொடங்குங்கள் என்றது. அதன் விளைவுதான் இப்போதைய சட்டத்தில் உள்ள 'உரிமைகள் அறிக்கை'.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த உரிமைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நீதிமன்றம் போக முடியாது. சேவை நிறுவனத்திடம் கேட்பது, பிறகு கண்காணிப்பு ஆணையத்திடம் முறையிடுவது, இதுதான் வழி. இரண்டிலும் எழுத்தில் உள்ளதே கைகொடுக்கும். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம்.

படி 1: முதல் போன்

பதிவு செய்யும் இடம், அரசின் முதியோர் பராமரிப்புச் சேவையான 'மை ஏஜ்ட் கேர்', எண் 1800 200 422. ஆங்கிலம் சரளமாக வராதவர் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, 'தமிழ்' என்று சொல்லி, அங்கிருந்து இணைக்கச் சொல்லலாம். கட்டணம் இல்லை. 65 வயது நிறைந்தவர்கள் கேட்கலாம். பூர்வகுடி மக்களுக்கு 50 வயது.

பிள்ளைகள் நாமே மொழிபெயர்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. சிறுநீர் அடக்க முடியவில்லை என்பதை மகன் வாய்வழியாகச் சொல்ல எந்த அம்மாவும் விரும்ப மாட்டார். விரும்பிய மொழியில் பேசவும் மொழிபெயர்ப்பாளர் உதவி பெறவும் உரிமை இருக்கிறது. இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும், பெண் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

படி 2: ஆதரவாளரைப் பதிவு செய்தல்

மகனோ மகளோ நண்பரோ 'பதிவு பெற்ற ஆதரவாளர்' ஆகலாம். ஒருவருக்கு மேலும் இருக்கலாம். ஆனால் ஆதரவாளரின் வேலை, முதியவர் முடிவெடுக்க உதவுவது. அவருக்குப் பதிலாக முடிவெடுப்பது அல்ல. அவரால் முடிவெடுக்க முடியும் என்று எடுத்துக்கொண்டுதான் சட்டமே தொடங்குகிறது. தெரிந்தே ஒரு ஆபத்தை ஏற்கும் உரிமையும் அவருக்கு உண்டு. சர்க்கரை உள்ள அப்பா பண்டிகைக்கு ஒரு லட்டு சாப்பிடுவதும், கோயிலுக்குத் தனியாக நடந்து போவதும் இதில் வரும். உண்மையைச் சொன்னால், இந்த உரிமையை நிறுவனங்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் பறிக்கிறார்கள்.

படி 3: மதிப்பீட்டு நாள்

மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். அன்றைக்குப் பார்த்து அம்மா தலைவாரி, நல்ல சேலை கட்டி, தேநீர் போட்டுக் கொடுப்பார். "குளிக்க முடியுமா?" "ஓ, முடியுமே." கேள்வி முடிந்தது. உண்மையில், வழுக்கி விழும் பயத்தில் வாரத்துக்கு இரண்டு முறைதான் குளியல். அதுவும் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குத் தண்ணீர் ஊற்ற மருமகளைக் கூப்பிட்டு.

வீட்டில் இருந்தபடி சேவை பெறும் 'சப்போர்ட் அட் ஹோம்' திட்டத்தில், மதிப்பீட்டில் தெரியும் தேவையைப் பொறுத்து 8 நிலைகள். அரசு ஒதுக்கும் நிதி ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலரில் தொடங்கி 78,000 டாலர் வரை போகிறது. ஒரு "பரவாயில்லை" எத்தனை ஆயிரம் டாலர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு வாரம் முன்பே நோட்டில் குறித்து வையுங்கள்: இரவில் எத்தனை முறை எழுந்தார், எந்த மாத்திரை தவறியது, கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை விழுந்தார். மருத்துவமனைக் கடிதங்கள், மருந்துப் பட்டியல் இரண்டும் மேசைமேல் இருக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளைப் பற்றிச் சொல்லாமல், முடியாத நாளைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

முடிவுக் கடிதம் சரியில்லை என்றால், அதில் உள்ள கெடுவுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். பிறகு உடல்நிலை மாறினாலும் மறு மதிப்பீடு கேட்கலாம்.

படி 4: பராமரிப்புத் திட்டத்தை எழுதுதல்

என்ன சேவை, எப்படி என்று சேவை நிறுவனம் உங்களோடு பேசி எழுதுவது இது. எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 'கலாசாரத்துக்கு ஏற்ற உணவு' என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நாளைக்கு முறையிடுவதும் கடினம். இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"முட்டை, மீன், இறைச்சி கிடையாது. கோழிச்சாறு சேர்த்த சூப், ஜெலட்டின் சேர்த்த ஜெல்லி கிடையாது. மதியம் சோறு."

"குளிப்பாட்டப் பெண் பணியாளர் மட்டும். அவர் வராத நாளில் குளியல் மறுநாளுக்குப் போகட்டும்."

"பூஜை அறைக்குள் போக வேண்டாம்."

செருப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பாதுகாப்பு விதி காரணமாகப் பல பணியாளர்கள் ஷூவைக் கழற்ற மாட்டார்கள். வாசலில் ஷூ உறை ஒரு பெட்டி வைத்துவிட்டால் சண்டை இல்லை.

மறதி நோய் வந்தவர்கள், பின்னால் கற்ற ஆங்கிலத்தை இழந்து தமிழுக்கே திரும்புவது உண்டு. வலி, தண்ணீர், பசி, கழிவறை, குளிர் என ஐந்தாறு சொற்களைப் படத்துடன், தமிழ் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அதையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 5: மாதக் கணக்கு

நிதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒதுக்கப்படுகிறது. அதில் 10 சதவீதம் பராமரிப்பு ஒருங்கிணைப்புக்குப் போய்விடும். மிச்சம் வந்தால் 1,000 டாலர் அல்லது அந்தக் காலாண்டு நிதியில் 10 சதவீதம், எது அதிகமோ அது மட்டும் அடுத்த காலாண்டுக்குத் தாவும். மீதி போனது போனதுதான்.

முழு ஓய்வூதியம் பெறுபவருக்குத் தாதிச் சேவையில் பங்களிப்பு, அதாவது கையிலிருந்து கட்டும் பங்கு, இல்லை. வீடு சுத்தம், தோட்ட வேலைக்கு 17.5 சதவீதம். 2024 செப்டம்பர் 12 அன்றே பழைய வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் இருந்தவர்களுக்கோ ஒப்புதல் பெற்றிருந்தவர்களுக்கோ, பங்களிப்பு முன்பைவிடக் கூடாமல் தனிப் பாதுகாப்பு உண்டு. ஓய்வூதியம் பெறாதவர் வருமான, சொத்து விவரம் கொடுக்காவிட்டால் உச்ச விகிதம் விழும்.

குளிர்சாதனப் பெட்டிமேல் ஒரு காலண்டர் மாட்டி, பணியாளர் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பணம் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணியில் கிளம்பினால், அது காலண்டரில் மட்டுமே தெரியும்.

படி 6: முதியோர் இல்லம் என்றால்

பதிவு பெற்ற தாதி ஒருவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்பது 2023 ஜூலையிலிருந்து விதி. நாளொன்றுக்குச் சராசரியாக ஒருவருக்கு 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற தாதியுடையது என்பது நாடு தழுவிய இலக்கு. "உங்கள் இல்லத்தில் எத்தனை நிமிடம்?" என்று சேரும் முன்பே கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போகும்போதெல்லாம் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தால் மருந்துச் சீட்டைக் கேளுங்கள். நடத்தையை அடக்க மயக்க மருந்து கொடுப்பது, கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போடுவது, நடக்க உதவும் 'வாக்கரை' எட்டாத இடத்தில் வைப்பது ஆகியவை சட்டப்படி 'கட்டுப்பாட்டு நடைமுறைகள்'. வேறு வழிகளை முயன்ற பிறகே, ஒப்புதலோடு, குறைந்த காலத்துக்கு மட்டும் செய்யலாம்.

படி 7: முறையீடு

முதலில் மேலாளருக்கு மின்னஞ்சல். நான்கே வரி போதும்: என்ன நடந்தது, எப்போது, திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்ன வேண்டும். "இங்கே கவனிப்பே சரியில்லை" என்று எழுதினால் "மேம்படுத்துவோம்" என்றுதான் பதில் வரும்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால், முதியவர்களுக்காகக் குரல் கொடுக்கும் ஓபன் (OPAN) அமைப்பின் 1800 700 600. கட்டணமில்லை, நிறுவனத்தோடு சம்பந்தமும் இல்லை. பதிலே வராவிட்டால் முதியோர் பராமரிப்புத் தரம், பாதுகாப்பு ஆணையம்: 1800 951 822. பெயர் சொல்லாமலும் முறையிடலாம், ஆனால் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்ல வழியிருக்காது. முறையிட்டதற்காகப் பழிவாங்கச் சட்டம் இடம் தரவில்லை. அடி, பாலியல் தொந்தரவு போன்ற கடுமையான சம்பவங்களை நிறுவனமே 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். "அறிவித்தீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு எதற்கும் முன் அவசர உதவி எண் 000.

வீட்டுச் சேவையில் எதுவும் சரிப்படவில்லை என்றால் நிறுவனத்தை மாற்றலாம், வெளியேறும் கட்டணம் கிடையாது. புதிய நிறுவனம் தொடங்கும் தேதியை எழுத்தில் வாங்கிய பிறகே பழையதற்கு அறிவிப்புக் கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் சில நாள் யாரும் வராமல் போய்விடும்.