எஞ்சினில் ஓடும் மாடல் விமானம், காருக்கு எரிபொருள் தாங்கும் பெயின்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெயின்ட் வாங்கும் முன், டேங்கில் என்ன ஊற்றப்போகிறீர்கள் என்று பாருங்கள். சிறு மாடல் எஞ்சின்களுக்கான குளோ எரிபொருளில் மெத்தனாலும் எண்ணெயும் இருக்கும், பெரும்பாலும் நைட்ரோமீத்தேனும் சேர்ந்திருக்கும். மெத்தனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். நைட்ரோ அவ்வளவு வேகமாகப் போகாது. எண்ணெயோடு சேர்ந்து அங்கேயே தங்கிப் பெயின்ட்டை ஊறவைக்கும். அதனால்தான் 5% நைட்ரோவைத் தாங்கிய பூச்சு 25 சதவீதத்தில் பிசுபிசுத்துப்போகிறது. பெட்ரோல் எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு. நன்றாகக் காய்ந்த இனாமல் ஓரளவு சமாளிக்கும்.

சாதாரண அக்ரிலிக் லாக்கர் ஸ்ப்ரே தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. தகுந்த கரைப்பான் பட்டால் மறுபடி கரையும், எத்தனை கோட் அடித்தாலும் சரி. ஹார்டனர் கலக்கும் பெயின்ட் வேதிவினையால் இறுகுவதால் திரும்பக் கரையாது. நைட்ரோ அதிகமென்றால் இரண்டே வழிதான்: டூ-கே (ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக) பாலியூரிதேன், அல்லது எபாக்சி பெயின்ட். எபாக்சி வெயிலில் மஞ்சளிக்கும், ஆகவே வெள்ளை விமானத்துக்கு டூ-கே கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு)தான் சரி. டோப் (மாடல் விமானத்தின் காகித, துணி உறைக்கு அடிக்கும் லாக்கர்) பழக்கம் உள்ளவர்கள் அதில் பியூட்டிரேட் வகையை மேல்கோட்டாக வைத்துக்கொள்ளலாம். குறைந்த நைட்ரோவுக்குப் போதும். நைட்ரேட் டோப் குளோ எரிபொருளைத் தாங்காது. நைட்ரேட்டின் மேல் பியூட்டிரேட் அடிக்கலாம், பியூட்டிரேட்டின் மேல் நைட்ரேட் கூடாது.

கையில் இருக்கும் கலர் ஸ்ப்ரேயை வீணாக்க வேண்டாம். அது முழுசாகக் காய்ந்த பின் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தில் லேசாகத் தேய்த்து, துடைத்து, டூ-கே கிளியரை மேலே அடிக்கலாம். முதல் கோட் தூவல்போல மெல்லியதாக இருக்கட்டும். எடுத்த எடுப்பிலேயே நனைய அடித்தால் கிளியரில் உள்ள தின்னர் கீழே இருக்கும் கலரைச் சுருக்கிவிடும். ஸ்டிக்கர்களையும் கிளியருக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். ஹார்டனர் அளவு டப்பாவில் போட்டபடியே. கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது தப்புக்கணக்கு.

டூ-கே ஹார்டனரில் சுவாசத்துக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கிறது. அடிக்கும்போது கிளம்பும் புகையைத் தூசி மாஸ்க் தடுக்காது. தகுந்த சுவாசக் கவசம், கையுறை, நல்ல காற்றோட்டம் இல்லையென்றால் ஸ்ப்ரே வேலையை வண்டிப் பெயின்டரிடம் கொடுத்துவிடுவதே உத்தமம்.

பூச்சு பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை, ஓரத்தில்தான் கெடும். ஸ்க்ரூ துளை, ஹிஞ்ச் பிளவு, மேலே ஒட்டிய ஃபிலிமின் மடிப்பு, எஞ்சின் பின்னால் அதைத் தாங்கும் ஃபயர்வால் பலகை ஆகிய வழிகளில் எண்ணெய் பால்சா மரத்துக்குள் இறங்கி, உள்ளிருந்து பெயின்ட்டை உரிக்கும். ஆகவே பெயின்ட்டுக்கு முன்னாலேயே ஃபயர்வால், டேங்க் அறை, துளைகளின் உட்பக்கம் எல்லாவற்றிலும் 30 நிமிட எபாக்சிப் பசையைச் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இளக்கிப் பிரஷால் தடவுங்கள். ஆல்கஹால் கூடினால் எபாக்சி முழுதாக இறுகாது.

கார் மாடலின் பாலிகார்பனேட் உடல் வேறு கணக்கு. அதற்கென்றுள்ள பெயின்ட்டை உட்பக்கம் அடிப்பதால் வெளிப்பக்கத்துக்குக் கவலையில்லை.

எதுவானாலும் முதலில் ஒரு துண்டு மரத்தில் சோதியுங்கள். மாடலில் வரப்போகும் அதே அடுக்குகளை அடித்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு உங்கள் எரிபொருளில் நனைத்த டிஷ்யூவை அதன்மேல் வைத்து, பாட்டில் மூடியால் கவிழ்த்து மூடுங்கள். மூடாவிட்டால் மெத்தனால் பறந்துவிடும், சோதனைக்கு அர்த்தமில்லை. அரைமணி கழித்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினாலோ நகம் பதிந்தாலோ அந்தப் பெயின்ட் வேண்டாம். பளபளப்பு மட்டும் சற்று மங்கி, துடைத்ததும் கெட்டியாகவே இருந்தால் எஞ்சினிலிருந்து தள்ளியுள்ள வால் பகுதிக்குப் பயன்படுத்தலாம்; சூடான புகை நேராகப் படும் இடத்துக்கு ஆகாது.