பதினொன்றாம் வகுப்பு அமெரிக்க வரலாறு: மூன்று வாரத்தில் 20ஆம் நூற்றாண்டைத் திருப்பிப் பார்ப்பது எப்படி?

போன வருடம் என் மகள் பதினொன்றாம் வகுப்பு. அமெரிக்க வரலாறு யூனிட் டெஸ்டில் 61 வாங்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் இரவு கேள்வி கேட்டது நான்தான். பெருமந்தம் (1930களை உலுக்கிய பொருளாதாரச் சரிவு) எப்போது தொடங்கியது, முதல் உலகப் போரில் அமெரிக்கா எந்த வருடம் இறங்கியது என்று எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் வந்தது. அப்புறம் எப்படி 61?

விடைத்தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதில் ஒரு கேள்விகூட வருடத்தைக் கேட்கவில்லை. ஒரு கேலிச்சித்திரம், ஒரு பேச்சிலிருந்து ஐந்து வரி, ஒரு பழைய விளம்பரம். கீழே, "இதை எழுதியவர் எந்தக் கொள்கையை எதிர்க்கிறார்?" நான் திருநெல்வேலியில் வரலாறு படித்தது காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, பத்து மதிப்பெண் என்ற கணக்கில். அதே முறையில்தான் அவளையும் தயார் செய்திருக்கிறேன். தப்பு என் பேரில்.

இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். காங்கிரஸ் என்றால் இங்கே நாடாளுமன்றம், நம் ஊர்க் கட்சி இல்லை என்பது போன்ற அடிப்படை விஷயங்கள் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கொடி கட்டுங்கள்

துணி காயப்போட மாடியில் கொடி கட்டுவோமே, அதேபோல ஒன்று. பரிசுப்பொருள் சுற்றும் தாளைத் திருப்பி, பின்பக்க வெள்ளையில் குறுக்காக ஒரு நீளக் கோடு போடுங்கள். அதில் 1901 முதல் 2000 வரை ஆண்ட அதிபர்களை வரிசையாக எழுதுங்கள். தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கி பில் கிளின்டன் வரை 17 பேர். குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம்.

வருடத்துக்குப் பதில் ஏன் அதிபர்? வருடம் வெறும் எண். அதிபருக்கு முகம் உண்டு, கட்சி உண்டு, செய்தது உண்டு, சொதப்பியது உண்டு. "இது ஹூவர் காலமா, அடுத்து வந்தவர் காலமா?" என்று கேட்டால் பிள்ளைக்கு யோசிக்க ஏதாவது இருக்கும்.

இரண்டு ரூஸ்வெல்ட்களில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். தியோடர் (1901–1909) குடியரசுக் கட்சி. பெரிய கம்பெனிகளின் ஏகபோகத்தோடு மோதியவர், தேசிய வனங்களை விரிவாக்கியவர். ஃபிராங்க்ளின் (1933–1945) ஜனநாயகக் கட்சி. பெருமந்தம், அதிலிருந்து மீள இவர் கொண்டுவந்த நியூ டீல் திட்டங்கள், இரண்டாம் உலகப் போர் மூன்றும் இவர் தலையில். இருவரும் தூரத்து உறவு. ஃபிராங்க்ளினின் மனைவி எலினார், தியோடரின் தம்பி மகள். நம் வீட்டுக் கல்யாணங்களில் இதைவிடச் சிக்கலான உறவுமுறை எல்லாம் பார்த்தவர்கள் நாம், இது ஒன்றும் பெரிதில்லை.

ஆளுக்கு ஒரே அளவு இடம் விடாதீர்கள். ஹார்டிங்குக்கு ஒரு விரல் அகலம் போதும். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு முழம் வேண்டும். நாங்கள் இது தெரியாமல் முதல் தாளைக் கிழித்துப் போட்டோம்.

படி 2: நியூ டீல் எழுத்துக்கூட்டம்

சிசிசி, டபிள்யூபிஏ, டிவிஏ, எஃப்டிஐசி, என்ஆர்ஏ... எல்லாம் நியூ டீலில் பிறந்த அமைப்புகளின் சுருக்கப் பெயர்கள். பாடப்புத்தகம் இவற்றை நிவாரணம், மீட்பு, சீர்திருத்தம் என்று மூன்று கட்டத்தில் போடும். என் மகளுக்கு அது நிற்கவில்லை. நாங்கள் வேறு கேள்வி கேட்டோம்: இது இன்றும் இருக்கிறதா?

வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு தரும் எஃப்டிஐசி இருக்கிறது, வங்கிக் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசி இருக்கிறது. 1935இன் சோஷியல் செக்யூரிட்டி இருக்கிறது, என் சம்பளச் சீட்டிலேயே பிடித்தம் தெரிகிறது. ஆகவே இவை சீர்திருத்தம். இளைஞர்களைக் காட்டில் மரம் நட அனுப்பிய சிசிசியும், பாலமும் பள்ளிக்கூடமும் கட்டி வேலை கொடுத்த டபிள்யூபிஏயும் போருக்கு நடுவே மூடப்பட்டன. அவை நிவாரணம். எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் முக்கால்வாசி சரியாக வரும்.

என்ஆர்ஏ என்றதும் என் மகள் இன்று அதே சுருக்கப் பெயரில் இருக்கும் துப்பாக்கிச் சங்கம் என்று எழுதிவிட்டாள். 1933இன் என்ஆர்ஏ தொழில்களுக்கு விலையும் கூலியும் வரையறுத்த அமைப்பு. 1935இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. அரசு குற்றம் சாட்டிய ஒரு கோழி விற்பனை நிறுவனத்தின் மேல்முறையீட்டு வழக்கு அது. கோழி வழக்கு என்று சொல்லிக் கொடுத்தேன், மறக்கவே இல்லை.

படி 3: எந்தக் கதவு?

ஒவ்வொரு மாற்றத்துக்கும் "யார் செய்தது?" என்று கேளுங்கள். கதவுகள் நான்கு: அதிபரின் ஆணை, காங்கிரஸின் சட்டம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசியலமைப்புத் திருத்தம்.

நிறப்பாகுபாடு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் அது முடிவுக்கு வர வழி செய்தது 1948இல் ட்ரூமன் போட்ட ஆணை. பள்ளிகளில் அதைச் செல்லாததாக்கியது 1954இன் பிரவுன் தீர்ப்பு. "தனியாக, ஆனால் சமமாக" என்று 1896இல் அதே நீதிமன்றம் சொன்னதைப் பள்ளிகள் விஷயத்தில் அதுவே தூக்கிப் போட்டது. ஹோட்டல், உணவகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் தடுத்தது 1964இன் சட்டம். ஓட்டுப் போட வரி கட்டச் சொன்னதை நீக்கியது 24ஆம் திருத்தம் (கீழே பிற்சேர்க்கையைப் பாருங்கள்). ஒரே அநியாயம், நான்கு கதவு. இவற்றுக்குப் பின்னால் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள், கிரீன்ஸ்பரோவில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கடை மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தது, செல்மாவில் வாக்குரிமை கேட்டு அடிபட்ட ஊர்வலம். தெருவில் நடந்ததைக் கோட்டுக்குக் கீழேயும் கதவு திறந்ததை மேலேயும் எழுதுங்கள். எது எதைத் தள்ளியது என்று கண்ணுக்கே தெரியும். செல்மா 1965 மார்ச், வாக்குரிமைச் சட்டம் அதே வருடம் ஆகஸ்ட்.

கதவு எப்போதும் நல்லதற்கே திறக்கும் என்றும் இல்லை. 1942இல் ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் ஆணையால் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1944இல் கோரமாட்சு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. காங்கிரஸ் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்க முன்வந்தது 1988இல்.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு மாலை முழுக்கப் பாதை மாறிப் போனோம். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கு: இந்தியர் "வெள்ளையர்" ஆகமாட்டார், ஆகவே குடியுரிமை கிடையாது என்றது தீர்ப்பு. 1946 சட்டம் அந்தத் தடையை நீக்கி, வருடத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்றது. ஆமாம், நூறே பேர். 1965இன் குடியேற்றச் சட்டம்தான் நாடுவாரி ஒதுக்கீட்டு முறையையே ஒழித்தது. "அப்போ அது வரலேன்னா நாம இங்க இல்லையா?" என்றாள். அதற்கு மேல் அந்தப் பாடத்தை நான் கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

படி 4: பத்திக்கு முன்னால் அடிவரி

61 வந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேள்வித்தாளில் வரும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: யார், எங்கே, எப்போது. பிள்ளைகள் பத்தியைத்தான் முதலில் படிக்கிறார்கள். நேரம் போதாவிட்டால் அடிவரியைப் பார்ப்பதே இல்லை.

என் மகள் தப்பு விட்ட கேள்வி இது. ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து அளவுக்கு மீறிய செல்வாக்குப் பெற்றுவிடக் கூடாது என்று எச்சரிக்கும் ஒரு பேச்சு. இவள் அதை வியட்நாம் போரை எதிர்த்த மாணவர் தலைவர் பேச்சு என்று முடிவு கட்டி, அதற்கேற்ற விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். பத்தியை மட்டும் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அடிவரியில் இருந்தது ஐசன்ஹோவர், 1961 ஜனவரி. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி, குடியரசுக் கட்சி அதிபர், பதவியை விட்டுப் போக மூன்று நாள் இருக்கும்போது பேசியது. வியட்நாமுக்கு அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் போனதே 1965இல்தான். அடிவரியைப் படித்திருந்தால் நான்கு விடைகளில் இரண்டு அங்கேயே விழுந்திருக்கும்.

பயிற்சி இப்படி: பத்தியை ஒரு அட்டையால் மூடுங்கள். அடிவரி மட்டும் தெரியட்டும். அதை வைத்துக்கொண்டு பிள்ளை மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அப்போது அதிபர் யார், நாட்டின் பெரிய கவலை என்ன, இந்த ஆள் யாரிடம் பேசுகிறார். அதற்குப் பிறகுதான் அட்டையை எடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் ஆனது, எரிச்சலில் பென்சிலைத் தூக்கிப் போட்டாள். பத்து நாள் கழித்து அரை நிமிடம்.

கேலிச்சித்திரத்துக்கும் இதேதான். கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டும் படம் வந்தால் உடனே மெக்கார்த்தி (1950களில் பலரைக் கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டிய செனட்டர்) என்று எழுதாதீர்கள். ரெட் ஸ்கேர் எனும் இந்தக் கம்யூனிஸ்ட் பீதி இரண்டு முறை வந்தது. 1919–20இல் ஒன்று. ரஷ்யப் புரட்சிக்குப் பின், வேலைநிறுத்தங்களும் தபால் குண்டுகளுமாக இருந்த நேரம். அடுத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கி 1950களில் உச்சத்துக்குப் போனது. படத்தின் மூலையில் உள்ள வருடம்தான் வித்தியாசம்.

படி 5: அதனால், அதனால்

பனிப்போரைத் தனித்தனிச் சம்பவமாகப் படித்தால் தலை சுற்றும். கதை போலச் சொல்லச் சொல்லுங்கள். 1957இல் சோவியத் ஸ்புட்னிக் விட்டது, அதனால் அமெரிக்காவுக்குப் பயம், அதனால் 1958இல் நாசா, கூடவே பள்ளிகளில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் அரசுப் பணம். இன்னொன்று: 1964இல் டான்கின் வளைகுடா விவகாரம் (வியட்நாம் அருகே அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொன்னது), அதனால் அதிபர் ஜான்சனுக்குப் போர் நடத்தக் காங்கிரஸ் கொடுத்த தாராள அனுமதி, அதனால் நீண்ட போர், அதனால் 1973இல் அதிபரின் கையைக் கட்டும் போர் அதிகாரச் சட்டம். "அதனால்" வராமல் திக்கும் இடம்தான் படிக்காத இடம்.

1975க்குப் பிறகு வருவதை ஒரே மாலையில் முடித்தோம். அநேக ஆசிரியர்களுக்கும் அதற்குள் வருடம் தீர்ந்துவிடும். நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் முறைகேடு (அது அதற்கு முன்னதுதான், ஆனாலும் சேர்த்துப் படியுங்கள்), ஈரான் பிணையாளிகள் 444 நாள், ரீகனின் வரிக்குறைப்பு, 1989இல் பெர்லின் சுவர், 1991இல் சோவியத் கலைந்தது. இவை போதும்.

எதில் படிப்பது?

மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையும் பேனாவும். இணையத்தில் யாரோ செய்து வைத்த ஆயத்த அட்டைகளை நான் நம்புவதில்லை. எங்களுக்குக் கிடைத்த ஒரு தொகுப்பில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா மறுசீரமைப்புக்குப் பணம் கொடுத்த மார்ஷல் திட்டம் ஜப்பானுக்கு என்று இருந்தது. அது மேற்கு ஐரோப்பாவுக்கு. காணொளிகள் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மூடியதும் ஒன்றும் இருக்காது. பழைய படங்கள், சுவரொட்டிகளுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தை மிஞ்ச ஆள் இல்லை, இலவசம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே ஆசிரியர் கொடுத்த ரிவ்யூ தாள். அதில் இல்லாததைத் தொடாதீர்கள். திண்ட் வழக்கு எங்கள் தாளில் இல்லை, அது என் பலவீனம்.

பிற்சேர்க்கை 1: 24ஆம் திருத்தத்தை முதலில் 1965 என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகர் திருத்தினார். அது நிறைவேறியது 1964 ஜனவரி. இன்னொன்றும் சொன்னார்: அந்தத் திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு மட்டும். மாநிலத் தேர்தல்களில் ஓட்டு வரியை ஒழித்தது 1966இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆக, ஒரே வரிக்கு இரண்டு கதவு.

பிற்சேர்க்கை 2: ஏபி தேர்வுக்கும் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவிலான தேர்வு) இது உதவுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். படி 4 நன்றாகவே உதவும். அங்கே ஆவணக் கட்டுரையில் ஏழு ஆவணங்கள் கொடுப்பார்கள், ஆவணத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று கொண்டுவர வேண்டும். கொடித் தாளில் பக்கத்தில் தொங்குவது எது என்று நினைவிருந்தால் அந்தச் சான்று தானாக வரும். ஆனால் ஏபியில் 1491 முதல் கேட்பார்கள், மூன்று வாரம் போதாது.

பிற்சேர்க்கை 3: தாளைச் சுவரில் ஒட்டப் பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப் வாங்குங்கள். நாங்கள் சாதாரண டேப் போட்டு, எடுக்கும்போது ட்ரூமனிலிருந்து நிக்சன் வரை சுவரில் பெயின்ட் உரிந்துவிட்டது. வாடகை வீடு.