சிம்பொனி கேட்டுவிட்டு மனதில் பட்டதைப் பேச உட்காரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மார்ச் 8 இல் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு, எனக்குத் தெரிந்த வட்டத்தில் சிம்பொனி கேட்கும் ஆசை நன்றாகவே கூடியிருக்கிறது. எங்கள் திருகோணமலையின் உவர்மலையிலும் உப்புவெளியிலும் புதிதாகச் சிறு கூட்டங்கள் தொடங்கியிருக்கிறார்கள். யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுக் கதிரை, ஒரு ஸ்பீக்கர், ஒரு முழு இசை. முடிந்ததும் கேட்கும்போது உள்ளே என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நாங்கள் சிலர் நெடுநாளாக இப்படிக் கூடிவருகிறோம். பெரிய ஓர்க்கெஸ்ட்ராவை நேரில் கேட்கக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்பதால், திருகோணமலைக்காரருக்கு இந்த விறாந்தைதான் அரங்கம்.

புதியவர்கள் கூப்பிட்டால் போய் உட்காருவேன். நாங்கள் தொடக்கத்தில் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுகிறார்கள். ஃபோனை அணைப்பது, நடுவில் விளம்பரம் வராமல் பார்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தத்தை நடுவில் கூட்டுவது

சினிமாப் பாட்டு தொடக்கம் முதல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே சத்தத்தில் போகும். பல பகுதிகளாக நீளும் சிம்பொனி அப்படிப் போகாது. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்ல வாசிக்கவேண்டிய இடத்தில், எழுதிய இசைக்குறிப்பில் 'பி' என்ற எழுத்தைப் போடுவது வழக்கம். இன்னும் மெல்ல என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. முதல் பகுதியின் நடுவில் ஓரிடத்தில் அவர் ஆறு 'பி' போட்டிருக்கிறார். இசை தேய்ந்து தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குப் போகும். அடுத்த கணம் முழு ஓர்க்கெஸ்ட்ராவும் ஒரே அடியாக வெடிக்கும்.

புதியவர்கள் செய்வது என்னவென்றால், மெல்லிய இடம் கேட்கவில்லை என்று எழுந்துபோய் ஸ்பீக்கரைக் கூட்டுகிறார்கள். அப்புறம் அந்த வெடிப்பு வருகிறது. ஒரு கூட்டத்தில் வயதான ஐயா ஒருவர் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அன்று முழுக்க அவர் பிறகு ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊர்ச் சனத்துக்குத் திடீர்ச் சத்தம் வெறும் சத்தம் இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்கும் சொல்லத் தேவையில்லை.

ஆட்கள் வருமுன்பே இசையின் ஆகப் பெரிய சத்தம் வரும் இடத்தைப் போட்டுப் பார்த்து, அது தாங்கும் அளவில் வையுங்கள். பிறகு கை வைக்க வேண்டாம். மெல்லிய இடம் காற்றாடிச் சத்தத்தில் மூழ்குகிறது என்றால் காற்றாடியை நிறுத்துங்கள். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் அது கஷ்டம்தான், ஆனால் முக்கால் மணி நேரம் வியர்ப்பது பெரிய விஷயமில்லை. "நடுவில் ஓரிடத்தில் சத்தம் திடீரென்று பெரிதாகும்" என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள். அதனால் யாருடைய அனுபவமும் கெடாது.

கையடக்க ஸ்பீக்கர் இதற்குப் போதாது. சைகோவ்ஸ்கியின் இந்த சிம்பொனி தொடங்குவதே டபுள் பேஸ், பஸ்ஸூன் என்ற கனத்த குரல் வாத்தியங்கள் அடித்தொண்டையில் முனகுவதிலிருந்து. சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தொடக்கமே காணாமல் போய்விடும்.

பின்னணிக் கதையை முதலில் சொல்வது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மற்றத் தவறுகளை அடுத்த கூட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். ஓர் இசையை முதன்முதலாகக் கேட்கும் வாய்ப்பு ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதைக் கதை சொல்லிக் கெடுத்தால் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

டச்சுக்குடாப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நடத்தியவர் நன்றாக வாசித்த பிள்ளை, இசையில் உண்மையான பிரியம் உள்ளவர். அதே ஆறாவது சிம்பொனிதான். போடுமுன் நீண்ட விளக்கம் கொடுத்தார். 1893 ஒக்டோபர் 28 அன்று சென் பீட்டர்ஸ்பேர்க்கில் சைகோவ்ஸ்கியே நின்று நடத்தி அரங்கேற்றினார், ஒன்பது நாளில், நவம்பர் 6 இல் இறந்துபோனார், ஆகவே இது அவர் தனக்குத் தானே எழுதிய சாவுப்பாட்டு என்றார். திகதிகள் எல்லாம் சரி. "ஆகவே" என்று சொன்னார் பாருங்கள், அதுதான் சரியில்லை.

இசை முடிந்தது. முதலாமவர் "மரணம்" என்றார். இரண்டாமவர் "மரண பயம்". மூன்றாமவர் "மரணத்தை ஏற்றுக்கொள்வது". இப்படியே சுற்றி வந்தது. ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் எனக்கு எதிரே இருந்தார். மூன்றாவது பகுதி ஓட்டமும் நடையுமாக அணிவகுத்துப் போகும்போது அவர் முகம் மலர்ந்து, முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவருடைய முறை வந்தபோது, "சாவு கிட்ட வந்த மாதிரி இருந்தது" என்றார். வெளிக்கிடும்போது கேற்றடியில் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்த மூன்றாவது துண்டுக்கு எனக்குக் கோணேசர் நகர்வலம்தான் ஞாபகம் வந்தது. மேளச் சத்தம் தூரத்தில் கேட்டு, சந்தி திரும்பி, எங்கள் வாசலுக்கு வந்து நிற்கும். சின்ன வயதில் அந்த நேரம் நெஞ்சு அடைக்கும். சொன்னால் பிழையாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்."

அந்த மாலையில் யாரும் சொல்லாத உண்மை அது. இசையிலும் அதற்கு ஆதாரம் இருக்கிறது. அந்தப் பகுதி தூரத்துச் சலசலப்பாகத் தொடங்கி, அணிவகுப்புத் துண்டுதுண்டாக எட்டிப்பார்த்து, கடைசியில் முழுப் பலத்தோடு முன்னால் வந்து நிற்கும். ரீச்சர் கேட்டது மிகச் சரியாக அதைத்தான். கூட்டம் அவரிடமிருந்து அதை வாங்கத் தவறிவிட்டது.

சைகோவ்ஸ்கியே கதை சொல்ல மறுத்தவர் என்பதை நினைக்கும்போது இன்னும் கோபம் வரும். இந்த சிம்பொனிக்கு உள்ளே ஒரு கதை உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் புதிராகவே இருக்கட்டும் என்று 1893 பெப்ரவரியில் சகோதரியின் மகனான மருமகன் டேவிடோவுக்கு எழுதியிருக்கிறார். சிம்பொனியை அந்த மருமகனுக்கே காணிக்கையும் ஆக்கினார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒக்டோபர் 28 இல் கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், ஆனால் குழம்பிப்போனார்கள். நவம்பர் 18 இல் அதே நகரத்தில், அவருடைய நினைவாக, நாப்ராவ்னிக் என்ற நடத்துனர் அதையே மறுபடி நடத்தினார். அன்று மண்டபம் உருகிப்போனது. இரண்டுக்கும் இடையில் மூன்று வாரம்தான். இசை அதே இசை. நடுவில் ஒரு சாவு வந்து, கேட்பவர்களின் காதை மாற்றிவிட்டது. அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, துக்கம் தானாக வந்து சேர்ந்தது. நாமோ அதை வேண்டுமென்றே கொண்டுவந்து ஆட்களின் காதில் வைக்கிறோம்.

சொல்கிற கதையாவது சரியாக இருக்கிறதா? பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி "விதி கதவைத் தட்டுவது" என்று எல்லாக் கூட்டத்திலும் யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். அதைச் சொன்னது ஷிண்ட்லர். பீத்தோவனிடம் உதவியாளராக இருந்தவர், பீத்தோவனின் உரையாடல் குறிப்பேடுகளில் பிறகு பொய்யாக எழுதிச் சேர்த்தவர் என்று நிரூபணமானவர். அவர் பேச்சை நம்பி ஒரு புதுக் கேட்பவரின் காதை அடைக்கலாமா? பழைய வெனிஸ் இசையமைப்பாளர் அல்பினோனியின் அடாஜியோ (மெதுவான இசைத்துண்டு) என்று போட்டு, 18 ஆம் நூற்றாண்டு வெனிஸைப் பற்றிச் சிலர் உருகிப் பேசுகிறார்கள். அதை வெளியிட்டவர் ரெமோ ஜியாசொட்டோ என்ற இத்தாலிய இசை ஆய்வாளர், வெளிவந்த ஆண்டு 1958. அவருடைய ஆக்கம் என்றே இன்று கருதுகிறார்கள்.

கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு நேரம் உண்டு. போலந்து இசையமைப்பாளர் ஹென்றிக் கொரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியை நாங்கள் ஒரு மாலை போட்டோம். 1976 இல் எழுதப்பட்டது. ஒரு பெண் குரல் போலந்து மொழியில் பாடும். எங்களில் யாருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, அதுவரை வந்த கூட்டங்களில் வாய் திறக்காதவர், அன்று முதலில் பேசினார். "பிள்ளையைத் தூங்கப் போடுகிற மாதிரிக் கிடக்கு. ஆனால் பிள்ளை மடியில் இல்லை," என்றார்.

எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் பாடலின் பொருளைச் சொன்னோம். எழுச்சியில் மகனைப் பறிகொடுத்த தாய் அவனைத் தேடுகிற நாட்டுப்பாடல் அது. கடைசியில், என் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்படி அவனைச் சுற்றிப் பூத்திருங்கள் என்று பூக்களைக் கேட்பாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, "மறுபடி போடுங்கோ" என்றார்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பி வராத பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வீடுகள் நிறைந்த மாவட்டம் இது. பாட்டு தொடங்குமுன்பே அந்த அம்மாவின் காயத்தை நாம் தொட்டிருப்போம். அவர் எல்லார் முன்னாலும் அழவேண்டி வந்திருக்கும், அல்லது கல்லாக இருந்திருப்பார். தாலாட்டை அவர் கேட்டிருக்க மாட்டார். பொருளை நடத்துபவர் முன்பே தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும், யார் வந்து இருக்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். வாயை மட்டும் பிறகு திறக்கவேண்டும்.

முதலில் சொல்லக்கூடியவை: யார் எழுதியது, எத்தனை நிமிடம், எத்தனை பகுதி, திடீர்ச் சத்தம் உண்டா. சைகோவ்ஸ்கியின் ஆறாவது என்றால் நான்கு பகுதி என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மூன்றாவது பகுதி அட்டகாசமாக முடிவதால் இசையே முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெரிய பெரிய அரங்குகளிலேயே கைதட்டிவிடுவார்கள். இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

"அது அப்படியில்லை" என்பது

ஒருவர் தனக்குள் நடந்ததைச் சொன்ன பிறகு இந்தச் சொற்களைச் சொல்லவே கூடாது.

சோகமா, சந்தோஷமா என்று கேட்பது

நமக்கு ராகத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டும் பழக்கம் உண்டு. முகாரி என்றால் அழுகை என்று முடித்துவிடுவோம். அதே பழக்கத்தில் "இது சோகமா, சந்தோஷமா?" என்று கேட்டால் ஆட்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சோவியத் இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனி 1937 நவம்பர் 21 இல் லெனின்கிராட்டில் அரங்கேறியது. ஸ்டாலினின் கெடுபிடி உச்சத்தில் இருந்த காலம். பித்தளை வாத்தியம் ஒன்றுகூட இல்லாத அந்த மெதுவான மூன்றாவது பகுதியில் சனம் வாய்விட்டு அழுதது. கடைசிப் பகுதியோ எக்காளமும் முரசுமாக வெற்றி முழக்கத்தில் முடிகிறது. அது உண்மையான வெற்றியா, அடித்துச் சிரிக்க வைத்த சிரிப்பா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். இதைச் சோகம், சந்தோஷம் என்ற இரண்டு பெட்டிக்குள் எதில் போடுவது?

"எந்த இடத்தில் உங்களுக்கு ஏதோ நடந்தது?" என்று கேளுங்கள். "வயலின் எல்லாம் நின்று ஒரு புல்லாங்குழல் மட்டும் வந்ததே, அங்கே" என்று தொடங்குவார்கள். தொண்டை, வயிறு, முதுகு என்று உடம்பில் உணர்ந்ததைச் சொல்வார்கள். எல்லோருக்கும் அந்த இடத்தை மறுபடி போட்டுக் காட்டவும் வசதி.

அழுகிறவரைத் தேற்றுவது

தேற்ற வேண்டாம். தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள், அடுத்தவர் பேசட்டும்.

சினிமாவை இழுப்பவரை மட்டம் தட்டுவது

"பேய்ப் படத்தில் வருகிற மியூசிக் மாதிரி" என்று ஒருவர் சொன்னால் மூத்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. நம்மில் பெரும்பாலானோரின் காதுக்குள் வயலின் கூட்டம் நுழைந்ததே சினிமாவின் பின்னணி இசை வழியாகத்தான். அந்த வழியால் வந்தவர் வந்த வழியைச் சொல்கிறார். எந்தக் காட்சி, அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குள் அவர் படத்தை விட்டுத் தன் சொந்த வாழ்க்கைக்கு வந்திருப்பார்.

முதல் நாளே மலை ஏறுவது

மாலரின் இரண்டாவது சிம்பொனியோடு ஒரு கூட்டம் தொடங்கினார்கள். எண்பது நிமிடத்துக்கு மேல் போகும். அடுத்த மாதம் பாதிப்பேர் வரவில்லை.

எனக்குப் பிடித்த தொடக்கம் பீத்தோவனின் எக்மொண்ட் முன்னிசை, அதாவது அந்தப் பெயருள்ள நாடகத்துக்கு முன் வாசிக்க எழுதிய இசை. 1810 இல் அரங்கேறியது, ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கனத்த இருட்டில் தொடங்கும், கடைசிக்குக் கிட்ட வயலின்கள் சட்டென்று கீழே விழுந்து ஒரு மௌனம் வரும், அப்புறம் வெற்றி முழக்கம். கதை இல்லாமல் ஒரு தடவை போடுங்கள். பேச விடுங்கள். அந்த மௌனத்தைப் பற்றி யாராவது நிச்சயம் ஏதாவது சொல்வார்கள். பிளேன்டீ கொடுத்துவிட்டு, அந்த நாடகத்தின் நாயகனான எக்மொண்ட் பிரபு 1568 இல் பிரசல்ஸில் தலை துண்டிக்கப்பட்டவர் என்று சொல்லி, இரண்டாவது தடவை போட்டு, இன்னொரு சுற்றுப் பேச விடுங்கள். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். கிண்ணியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் திரும்பிப் போகிறவர்களுக்கு அது முக்கியம்.