மட்டக்களப்பில் மாதக்கணக்கில் லொட்ஜில் தங்குவதென்றால்

போதனா வைத்தியசாலையில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்ள, காணி அலுவல் முடிக்க, கட்டட வேலையை மேற்பார்க்க என்று மட்டக்களப்புக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் நிறையப் பேர். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் வீடு பார்ப்பதே நல்லது. அதற்குக் குறைவு என்றால் முற்பணம், தளபாடம் என்று அலையாமல் லொட்ஜோ கெஸ்ட் ஹவுஸோ எடுப்பதுதான் லேசு. ஆனால் ஒரு இரவுக்குச் சரிவரும் அறை முப்பது இரவுக்கும் சரிவரும் என்றில்லை. அதனால் முதலில் இரண்டு இரவுக்கு நாள் வாடகை கொடுத்துத் தங்குங்கள். மாத விலையை மூன்றாம் நாள் காலையில் கதையுங்கள்.

எந்தப் பக்கம் எடுப்பது என்பதை அலுவல்தான் தீர்மானிக்கும். வைத்தியசாலை, பஸ் நிலையம் என்றால் நகர மையமான புளியந்தீவுக்குள்ளேயே எடுங்கள், நடந்தே முடிக்கலாம். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் கடற்கரைப் பக்கம் காற்றும் அமைதியும் கூட. ஆனால் தினமும் போகவர ஓட்டோச் செலவை முப்பதால் பெருக்கி வாடகையோடு கூட்டிப் பார்த்துவிட்டே மலிவா இல்லையா என்று சொல்லுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அலுவல் உள்ளவர்கள் நகரத்தில் தேடுவதற்கு முன் வந்தாறுமூலை, செங்கலடிப் பக்கம் விசாரிப்பது நல்லது. பாசிக்குடாவில் மாதக்கணக்கில் தங்குவது மாரிகாலத்தில் மட்டுமே கைக்கு அடங்கும். அறுகம்பேயும் அப்படித்தான்: அலைச் சறுக்குக் காலமான ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை விலை இறங்காது. அது முடிந்தால் பல இடங்கள் பூட்டிக் கிடக்கும், திறந்திருப்பவர்களோடு நன்றாகப் பேரம் பேசலாம்.

எத்தனையாம் மாடி என்பது காலத்தைப் பொறுத்தது. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து வறண்டு சுட்டுக்கொண்டு வரும். அந்த மாதங்களில் மொட்டைத் தட்டுக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீற் நடுச்சாமம் வரை சூட்டைக் கீழே விடும், விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றித் தரும். இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சுட்டால் அறையை மாற்றிக் கேளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. அப்போது கீழ்த்தளம்தான் தலையிடி. சுவரில் நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பெயின்ற் கொப்பளித்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே உடுப்பும் புத்தகமும் பூஞ்சணம் பிடிக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஆட்களிடம், அந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

தண்ணீரைக் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் பாருங்கள். எல்லா அறையிலும் ஆட்கள் குளிக்கும் நேரம் அதுதான். பத்து லீற்றர் வாளி ஒரு நிமிஷத்துக்குள் நிறைந்தால் நல்லது. இரண்டு நிமிஷம் தாண்டினால் தினமும் வாளியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். சவர்க்காரம் நுரைக்கவில்லை, தலைமயிர் பிசுபிசுக்கிறது என்றால் அது உவர்க் கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, எந்தக் குழாயில் வருகிறது என்று கேளுங்கள். குடிக்க 19 லீற்றர் போத்தல் ஒன்று எடுத்து, மேலே கைப்பம்பைப் பொருத்தினால் ஒரு ஆளுக்கு ஏறத்தாழ ஆறு நாள் போகும். வெற்றுப் போத்தலுக்கு வைப்புக்காசு வாங்குவார்கள், பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

அடுத்தது கரண்ட். பழைய கட்டடங்களில் கட்டில் தலைமாட்டில் இருப்பது பெரும்பாலும் வட்டத் துளை உள்ள 5 அம்பியர் பிளக் பொயின்ற். 230 வோல்ற்றில் அது தாங்குவது 1150 வொற். போன், லப்டொப், மேசை விசிறி எல்லாம் போடலாம். 1500 வொற் கேத்தலை அடப்டர் வைத்து அதில் செருகினால் உடனே ஒன்றும் நடக்காது, ஆபத்தே அதில்தான். சில நாட்களில் துளையைச் சுற்றி மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், ஒருநாள் பிளக்கை இழுக்கும்போது உருகிய பிளாஸ்ரிக்கும் சேர்ந்து வரும். கேத்தல், அயன் இரண்டையும் சதுரத் துளை உள்ள 13 அம்பியர் பொயின்றில் மட்டும் போடுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று. அறைக்குள் சோறு சமைக்கப் பல இடங்களில் விடமாட்டார்கள். ஒளித்துச் சமைத்து மாட்டுப்படுவதை விட, கேத்தலும் முட்டை அவிக்கும் பாத்திரமும் வைத்திருக்கலாமா என்று முதலே கேட்டுவிடுவது மரியாதை.

கதவடியில் காட் செருகினால்தான் கரண்ட் வரும் அறை என்றால், நீங்கள் வெளியே போகும்போது பிறிட்ஜும் நின்றுவிடும். எந்தப் பொயின்ற் நிற்காமல் வேலை செய்கிறது என்று கேட்டு, பிறிட்ஜை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்கள் இதை விடக்கூடாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும், அறைகளில் வைக்கும் சின்னப் பிறிட்ஜ்களில் சில, சோடாவை மட்டுமே குளிராக்கும். ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து, இரவும் மத்தியானமும் பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேற்றர் ஏசிக்கும் ஓடுமா, லைற்றுக்கும் விசிறிக்கும் மட்டுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

பையை அவிழ்க்க முதல் மெத்தையைப் பாருங்கள். பெட்சீற்றை மூலையில் உயர்த்தி, தையல் ஓரத்தில் போன் வெளிச்சத்தை அடியுங்கள். மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அறையை மாற்றுங்கள், பக்கத்து அறை வேண்டாம். பார்த்து முடியும் வரை பையைக் குளியலறைத் தரையில் வைத்திருப்பது பாதுகாப்பு.

இனி விலை. ஏசி, ஏசி இல்லாதது என்று இரண்டு விலை இருக்கும். சில இடங்களில் ஏசி காசு கட்டினால்தான் றிமோட் தருவார்கள். காலை உணவைக் கழித்தால் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள், வெளியே சாப்பிடுகிறவருக்கு அது வீண் செலவு. பெரிய ஹோட்டலாக இருந்தால் சொன்ன விலைக்குள் வரி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். 5000 ரூபா அறைக்கு 10 வீதம் சேவைக் கட்டணம் போட்டால் 5500, அதன்மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) போட்டால் 6490. மாதத்துக்கு 44,700 ரூபா கூட, சின்ன வரிகள் வேறு. வற் பதிவில்லாத சிறிய லொட்ஜில் இந்தச் சுமை இல்லை. ஆனால் செலவைக் கம்பனியிடம் திருப்பி எடுக்கப்போகிறவர்களுக்கு அங்கே கிடைக்கும் பற்றுச்சீட்டு போதுமா என்று முதலே விசாரிக்க வேண்டும்.

மாத விலைக்குப் பேசி, கிழமைக்குக் கிழமை காசு கட்டுங்கள். முழுவதையும் முதலே கொடுத்தால், இடையில் போகவேண்டி வந்தால் மிச்சம் திரும்பாது. ஒரு தாளில் அறை இலக்கம், விலை, பெட்சீற் மாற்றும் நாட்கள் (கிழமைக்கு இரண்டு தரம் கேளுங்கள்), முன்கூட்டிப் போனால் என்ன கணக்கு என்று எழுதி மனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். அறை இலக்கத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தம், வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும் ஜூலை, ஓகஸ்ட் விடுமுறை எல்லாம் வந்தால், “அண்ணே, ரெண்டு நாளைக்குப் பின்பக்க றூமுக்கு மாறுங்களேன்” என்று வந்து நிற்பார்கள். கீழே கலியாண மண்டபம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் விடிய மூன்று மணிக்கே பந்திச் சட்டி உருளும்.

அடையாள அட்டையின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை றிசெப்சனில் விட வேண்டாம். கணவன் மனைவியாகத் தங்குவோரிடம் சில லொட்ஜில் விவாகப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். கோபப்படாமல் பிரதியைக் கையில் வைத்திருப்பதுதான் சுகம்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, நேரம்தான் தெரிந்திருக்க வேண்டும். காலையில் இடியப்பம், பிட்டு, சொதி. மத்தியானப் பார்சலை ஒரு மணிக்கு முன் எடுங்கள், இரண்டு மணிக்குப் போனால் நல்ல மீன்கறி முடிந்து அடிச்சட்டிதான். இரவில் ரொட்டி, கொத்து. காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் பூட்டும். நோன்பு மாதத்தில் பகலில் திறக்காது, இரவில்தான் களைகட்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு நகரக் கடைகளும் சில நாள் பூட்டிக் கிடக்கும், பாணும் பிஸ்கட்டும் வாங்கி வையுங்கள். ஒரு மாதத்துக்குக் கொத்தும் ரொட்டியும் வயிற்றுக்கு ஒத்துவராது. பக்கத்தில் மாதக் கணக்குக்குச் சோறு கட்டிக் கொடுக்கும் வீடு இருக்கிறதா என்று அறை துப்புரவாக்க வரும் அக்காவிடம் கேளுங்கள், மனேஜரை விட அவவுக்குத்தான் தெரியும்.

உடுப்புக்கு ஐந்து மீற்றர் நைலோன் கயிறும் ஒரு டசின் கிளிப்பும் போதும். மாரியில் குளியலறைக்குள் காயப்போட்டால் நாறும். விசிறிக்குக் கீழே இரவு முழுக்க விடுங்கள், அலுமாரிக் கதவை ஒரு சாண் திறந்தே வையுங்கள்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. இரவு வலை மட்டும் போதாது. ஏசியின் தண்ணீர் வடியும் வாளி, பூச்சாடித் தட்டு, மொட்டைத் தட்டில் கிடக்கும் வெற்றுப் போத்தல் எல்லாம் கிழமைக்கு ஒருதரம் கவிழ்க்கப்பட வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுறுபன் இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரமே கணக்கை முடியுங்கள். அதிகாலை ரயிலுக்குப் போகும்போது றிசெப்சனில் நித்திரை கொள்ளும் தம்பிக்குக் கணக்குக் கொப்பி எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. தண்ணீர்ப் போத்தலைக் கடையில் கொடுத்து வைப்புக்காசை எடுக்கவும் அந்தப் பின்னேரம்தான் தோது.