பரணில் கிடக்கும் வள்ளி திருமணம்: பழைய நாடகக் கேசட்டைத் தேடுவதும் மீட்பதும்

மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ 1980களில் ஒரு கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நடந்திருந்தால், அந்த நாடகம் அந்த ஓர் இரவுக்கு மட்டுமே உரியது. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த வகைக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் பபூன் வேறோர் ஊரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து மேடையில்தான் சேருவார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம், பபூன் பேச்சு, எந்தப் பாட்டை எவ்வளவு இழுத்துப் பாடுவது என்பதெல்லாம் அன்றைக்கு மேடையில் பிறப்பவை. புத்தகத்தில் அவை இருக்காது. யாராவது கேசட்டில் பிடித்திருந்தால் உண்டு.

இதனால் தேடுகிறவர்கள் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. "வள்ளி திருமணம்தானே, அதான் யூடியூபில் நிறைய இருக்கே" என்று ஒரு கேசட்டை ஒதுக்கக் கூடாது. நாடகத்தின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த ஊர், எந்த இரவு, யார் யார் நடித்தது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பதிவின் அடையாளம்.

எந்த வகைப் பதிவைத் தேடுகிறீர்கள்

கடையில் விற்ற கேசட் ஒரு வகை. இரண்டு மூன்று கேசட்டுக்குள் அடங்கும்படி வெட்டிச் சுருக்கியிருப்பார்கள். பிரதிகள் பல போயிருக்கும், அட்டையில் பெயர்கள் இருக்கும், தேடுவது எளிது. இரண்டாவது வகை மைக்செட்காரர் ஆம்ப்ளிபயரிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் பதிந்தது. குரல் மிகத் தெளிவாக இருக்கும். பெரும்பாலும் ஒரே பிரதிதான், அவருடைய பெட்டியிலேயே கிடக்கும். மூன்றாவது, முன்வரிசையில் டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் எடுத்தது. இரைச்சல் அதிகம். ஆனால் சனங்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே விசிலடித்தார்கள், எங்கே தூங்கிப்போனார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். இந்த மூன்றாவது வகையைத்தான் வீட்டுக்காரர்கள் முதலில் தூக்கிப் போடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம் என்றால் ஐந்து கேசட் வேண்டும். சி-60 என்றால் ஏழெட்டு ஆகும். ஆக "வள்ளி 3" என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய ஒற்றைக் கேசட் கிடைத்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எங்கோ இருந்தன என்று பொருள். அந்த வீட்டிலேயே இன்னொரு முறை கேளுங்கள். பாதிக்குமேல் சினிமாப் பாட்டு பதிந்து அழித்திருந்தாலும் மீதியை விடாதீர்கள்.

நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள்

கேசட்டைவிட நோட்டீஸ் நீண்ட நாள் வாழும். திருவிழா நோட்டீஸில் நாடகத்தின் பெயர், நடிகர்களின் ஊரும் பெயரும், ஆர்மோனியம் பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று பக்கவாத்தியக்காரர்கள், எல்லாவற்றுக்கும் கீழே ஒலி ஒளி அமைப்பு யார் என்பதும் இருக்கும். தேடலுக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான். ராஜபார்ட்டின் வீட்டைவிட மைக்செட்காரர் வீட்டில் கேசட் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நடிகர்கள் தங்கள் நாடகத்தைத் தாங்களே பதிந்து வைத்துக்கொள்வது அரிது.

நோட்டீஸில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டு மட்டும் இருக்கலாம். இங்கே பலர் சறுக்குகிறார்கள். விபவ ஆண்டு 1988 சித்திரையில் பிறந்தது. ஆனால் "விபவ வருடம் பங்குனி" என்றிருந்தால் அது 1989 மார்ச்–ஏப்ரல். திருவிழா நாடகங்களில் பல மாசி, பங்குனியில் நடப்பதால் ஓராண்டுப் பிழை அடிக்கடி நேரும். ஆண்டே இல்லாமல் "பங்குனி 14, செவ்வாய்க்கிழமை" என்று மட்டும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தில் தேதியையும் கிழமையையும் பொருத்திப் பாருங்கள். அதே பொருத்தம் 5, 6 அல்லது 11 ஆண்டுகள் கழித்தே திரும்பும் என்பதால், நடிகர்களின் வயதை வைத்து ஒன்றைத் தேர்ந்துவிடலாம்.

ஊருக்குள் போகும்போது "நாடகக் கேசட் இருக்கா?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். அவர்கள் பொய் சொல்வதில்லை, அப்படி ஒன்று இருப்பது அவர்களுக்கே நினைவில் இருக்காது. "அண்ணே, ஆம்ப்ளிபயர் வச்சிருந்த பெட்டி இன்னும் இருக்கா? அதுல பழைய கேசட்டு ஏதும் கெடக்கா?" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் பெரியவர் இல்லையென்றால் ஆத்தாவிடம் கேளுங்கள். பரணில் என்ன இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ஊர் நாடகத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனதுண்டு. மூலம் கறையான் அரித்திருந்தாலும் அந்தப் பிரதி ஏசி அறையில் நன்றாக இருக்கலாம்.

இணையத்தில்

தமிழில் ஒரு முறை தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். ஏற்றியவர் ஆங்கில எழுத்தில் தலைப்பு வைத்திருப்பார். திருமணத்துக்கு டி மட்டும் போட்டும், டி-ஹெச் போட்டும் தேடுங்கள். நாடகத்துக்கு ஜி-யும் கே-யும் மாற்றிப் பாருங்கள். நடிகரின் பெயரை விட்டு ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள். "நாரதர் தர்க்கம்", "பபூன் காமெடி" என்று துண்டு துண்டாகவும் ஏறியிருக்கும்.

முன்பு இருந்து இப்போது நீக்கப்பட்ட யூடியூப் காணொளி என்றால், அதன் முகவரியிலுள்ள 11 எழுத்து அடையாளத்தைத் தேடிப் பிடியுங்கள். பழைய வாட்ஸ்அப் செய்தியிலோ பேஸ்புக் பகிர்விலோ அது இருக்கும். அந்த 11 எழுத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முழு முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுங்கள். காணொளி கிடைக்காவிட்டாலும் தலைப்பும் ஏற்றியவர் பெயரும் கிடைத்துவிடுவதுண்டு. ஏற்றியவரைப் பிடித்தால் கேசட்டைப் பிடித்த மாதிரி.

குழுக்களில் கேட்கும்போது உறுதியாகத் தெரிந்தது எது, நினைவிலிருந்து சொல்வது எது என்று பிரித்து எழுதுங்கள். "சிறுவயதில் கேட்ட நாடகம், யாரிடமாவது இருக்கிறதா" என்று எழுதினால் நூறு பேர் "எனக்கும் வேண்டும்" என்பார்கள், வேறொன்றும் நடக்காது. நோட்டீஸின் படம், ஊர், தோராயமான ஆண்டு, நினைவிலுள்ள ஒரு வசனம், இதுவரை யார் யாரிடம் கேட்டாகிவிட்டது என்பது, இத்தனையும் போடுங்கள். நோட்டீஸில் இருக்கும் தொலைபேசி எண்களை மறைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

கிடைக்காத இடங்களையும் குறித்து வையுங்கள். எந்தத் தேதியில், யார் வீட்டில், எந்தப் பெட்டி வரை பார்த்தோம் என்ற குறிப்பு இல்லாவிட்டால், அடுத்து வருகிறவர் அதே வீட்டுக் கதவைத் தட்டி அவர்களை எரிச்சலூட்டுவார். "என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பினால் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், இரண்டு நிமிடம் ஓடவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஊர்ப் பெயரோ அன்பளிப்பு அறிவிப்போ கேட்காதவரை நம்ப வேண்டாம்.

கேசட் கைக்கு வந்தபின்

உடனே போட்டுக் கேட்க மனம் துடிக்கும். கேட்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணில் பல மதுரைக் கோடைகளைப் பார்த்த நாடா அது. முதலில் அட்டையையும் கேசட்டின் இரு பக்கங்களையும் படமெடுங்கள். மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு காதுகளையும் உடைத்துவிடுங்கள். இல்லையென்றால் தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அமுக்கினால் அதோடு முடிந்தது. ஓர் இரவு அறையிலேயே வைத்து, மறுநாள் தொடுங்கள்.

ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை நல்ல பிளேயரில் போட்டால் அடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பசை காய்ந்து விழுந்துவிடும், ஒலி மங்கி மங்கி வரும். ஐந்து திருகு போட்ட வேறொரு நல்ல கூட்டைத் திறந்து, இரண்டு சுருளையும் அதற்குள் மாற்றுவதே சுலபமான வழி. அறுந்த நாடாவை செலோடேப்பால் ஒட்டாதீர்கள். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். கேசட்டுக்கென்றே 3.81 மில்லிமீட்டர் அகலத்தில் ஒட்டுநாடா கிடைக்கிறது. சி-120 கேசட்டின் நாடா 9 மைக்ரான் கனம்தான், சி-90இல் 12. இழுத்தால் நீண்டுவிடும் என்பதால் வேகமாகச் சுற்றாதீர்கள்.

பிளேயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இப்போது மலிவாக வரும் யுஎஸ்பி வாக்மேன் வகை வேகம் தள்ளாடும், ஆர்மோனியம் அழுவது போல் கேட்கும். பெல்ட் மாற்றிச் சரிசெய்த பழைய கேசட் டெக்கே வேண்டும். நாடாவைப் படிக்கும் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பு துடையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பியை அணைத்து வையுங்கள், வீட்டுப் பதிவில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. பாதிப் பதிவுகள் பாழாவது இங்கேதான். பதிந்த மெஷினின் ஹெட்டும் உங்கள் மெஷினின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருக்காது. அதனால் ஜால்ரா மங்கி, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். பலர் இதைப் பழைய நாடா என்று நினைத்துவிட்டுக் கணினியில் டிரெபிளைக் கூட்டுகிறார்கள். அது இரைச்சலைத்தான் கூட்டும். ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னத் திருகின் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, ஒலியை மோனோவில் வைத்து, ஓடும்போதே மிக மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்குமேல் தேவைப்படாது. ஜால்ராவும் "ச", "ஸ" எழுத்துகளும் பளிச்சென்று எழும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் திரும்பச் செய்ய வேண்டும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் ஆடியோ இன்டர்பேஸுக்கு எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பபூன் திடீரென்று மைக்கில் கத்துவார், அதற்கும் இடம் வேண்டும். ஒரு சி-90 ஸ்டீரியோவில் ஏறக்குறைய 1.5 ஜிபி வரும், ஓர் இரவு முழுக்க எட்டு ஜிபிக்குள் அடங்கும். இந்த மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாதீர்கள். சுத்தப்படுத்துவதெல்லாம் பிரதியில்.

வேகம் சரியா?

மேடைக்கு முன்னால் பேட்டரியில் ஓடிய டேப்ரிக்கார்டர் விடியற்காலையில் தளர்ந்துவிடும். தளர்ந்து பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வள்ளி சின்னப்பிள்ளைக் குரலில் பாடுவார். இதற்கு ஆர்மோனியமே அளவுகோல். அதன் ரீடு இரவு முழுக்க மாறாது. முதல் கேசட்டில் 5 கட்டையில் நின்ற சுதி கடைசிக் கேசட்டில் ஐந்தரையாக, அதாவது அரைச்சுரம் கூடிக் கேட்டால், ஒன்று ஆர்மோனியக்காரர் கட்டை மாற்றியிருக்கிறார், இல்லை வேகம் 6 சதவீதம் கூடியிருக்கிறது. பேச்சின் வேகத்தைக் கேட்டால் எதுவென்று தெரிந்துவிடும். இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ நின்றால் பெரும்பாலும் வேகப் பிழைதான்.

கரண்டில் ஓடிய ஆம்ப்ளிபயர் பதிவுக்கு இன்னொரு வழியும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் உறுமல் 100 ஹெர்ட்ஸிலும் பதிந்திருக்கும். ஆடாசிட்டியில் அலைவரிசைப் படத்தை 65536 அளவில் எடுத்து 100க்குப் பக்கத்தில் பாருங்கள். 104இல் ஒரு முனை தெரிந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது, வேகத்தை 3.85 சதவீதம் குறைக்க வேண்டும். சரியாக 100இல் இன்னொரு முனையும் இருந்தால் அது உங்கள் மெஷினின் உறுமல், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஊரில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் இந்த வழி உதவாது, ஆர்மோனியத்துக்கே திரும்புங்கள்.

பெயர் வைப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் முழுவதையும் கேளுங்கள். நாடகத்துக்கு நடுவே அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் தொகையும் வாசிப்பார்கள். கேட்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் அந்த இடம்தான் ஊரை உறுதிப்படுத்தும். பபூனும் டான்ஸ் ஆடுபவரும் எடுத்துக்கொள்ளும் சினிமா மெட்டு, நாடகம் அந்தப் படத்துக்கு முந்தியது இல்லை என்று காட்டும். ஊகித்த ஆண்டுக்குப் பக்கத்தில் "ஊகம்" என்றே எழுதுங்கள். நாளைக்கு நோட்டீஸ் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பொதுவில் ஏற்றுவதற்கு முன் நடிகர்களையோ குடும்பத்தாரையோ கேட்டுவிடுங்கள். இந்தக் கலையில் பலர், குறிப்பாகப் பெண்கள், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பேத்திகளிடம்கூடச் சொல்லாமல் இருப்பார்கள். கடைக் கேசட் என்றால் ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1985இல் வெளியானதற்கு 2045 முடிய உண்டு.

கேசட் உங்களுடையது அல்ல. வேலை முடிந்ததும் அதே அட்டையில் போட்டு, முழு ஒலியையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, இரண்டையும் கொடுத்தவரிடமே சேர்த்துவிடுங்கள். அந்த வீட்டில் பென்டிரைவ் போட வசதியில்லை என்றால், போனில் கேட்கும்படி எம்பி-3யாக மாற்றி, தர்க்கம் தொடங்கும் நிமிடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.